பக்கத்து சீட் பிரேக்

மாஸ்டர் இறந்த வாரம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அழுதுகொண்டே வந்து சிரித்துக்கொண்டே போனார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர் முதலில் கண்ணைத் துடைத்துக்கொள்வார். மாஸ்டரின் மகள் டீ கொண்டுவந்து வைப்பாள். இரண்டு மடக்கு உள்ளே போனதும், மாஸ்டர் தன்னை என்ன திட்டு திட்டினார் தெரியுமா என்று ஆரம்பித்துவிடுவார். ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். மீதிப் பேர் அவரிடம் கற்றவர்களிடம் கற்றவர்கள். ஆளுக்கொரு திட்டைப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

ஸ்டீயரிங்கை ஈரத்துணி பிழிவது மாதிரிப் பிடிக்காதே என்பது நகைக்கடைக்காரருக்குக் கிடைத்தது. கண்ணாடி பின்னால் வருகிறவனைப் பார்க்கத்தான், முடியைச் சரிசெய்ய இல்லை என்பது தலைமை ஆசிரியைக்கு. இருப்பதிலேயே உசத்தி பல் டாக்டருடையது. நீ போகிற வேகத்துக்குப் பின்னால் வருகிறவன் இது ஏதோ வீடு என்று நினைத்துக் கதவைத் தட்டப்போகிறான் என்றாராம். பல் டாக்டர் அதைச் சொல்லிவிட்டுத் தானே சிரித்து, சிரிக்கக் கூடாத இடம் என்று நினைவு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவளிடமும் ஒரு கதை இருந்தது. அது மாஸ்டரின் கடைசிக் காலத்துக் கதை, வீட்டை விட்டு வெளியே போகாதது. வந்தவர்கள் யாருக்கும் அவள் அதைச் சொல்லவில்லை.

மாஸ்டரின் டிரைவிங் ஸ்கூல் என்பது மருந்துக்கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. ஒரு மேசை, சில நாற்காலிகள், சுவரில் சாலைக் குறிகளின் படம், வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்துவது எப்படி என்று செய்து காட்ட மேசைமேல் இரண்டு பொம்மைக் கார்கள். நிஜக் கார் ஒன்றுதான். வாங்கியபோது அது வெள்ளையாக இருந்தது என்பதற்குச் சாட்சி மாஸ்டர் மட்டுமே. கற்றுக்கொள்ள வந்தவர்களின் கைங்கரியத்தில் அதற்கு இடிபடாத பக்கம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. அந்தக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் இருப்பது போலவே பக்கத்து சீட்டிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் கோட்டை விட்டால் மாஸ்டர் மிதிப்பார். முப்பது வருஷத்துக்கு மேல் அவருடைய உத்தியோகம் இவ்வளவுதான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வாயால் திட்டுவது, காலால் காப்பாற்றுவது.

அப்படிப் பழகிய வலது கால் வெளியே வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? பேருந்தில் உட்கார்ந்தால் டிரைவருக்கு முன்னால் இவர் கால் தரையை மிதிக்கும். சினிமாவில் கார் துரத்தல் வந்தால் முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து முறைப்பார், ஏனென்றால் மிதி அவர் நாற்காலி முதுகில் விழும். மகளின் கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா ஒருவர், பேசக்கூடாத ஒரு பழைய விஷயத்தை நோக்கிப் பேச்சைக் கொண்டுபோனார். மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. கால் மட்டும் ஓங்கி ஒரு மிதி மிதித்தது. பெரியப்பா திடுக்கிட்டு, தான் என்ன சொல்ல வந்தோம் என்பதையே மறந்துவிட்டார். அந்தக் கல்யாணம் நடந்ததற்கு அந்த மிதிதான் காரணம் என்று மகளின் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பேத்தி முதன்முதலாக எழுந்து நின்று தாத்தாவைப் பார்த்து அடி எடுத்து வைத்தபோதும் அந்தக் கால் அதன் வேலையைக் காட்டியது. சத்தத்தில் பயந்து குழந்தை தொப்பென்று உட்கார்ந்தது. அதன் பிறகு வெகு நாள் அது எழவே இல்லை. நடக்கிற பிள்ளைக்கே பிரேக் போட்டுவிட்டாரே மனுஷன் என்று அம்மா பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கட்டிய பெண்டாட்டிக்குச் சொல்லித் தரவில்லையா என்று யாராவது கேட்டால், இவரிடம் திட்டு வாங்க வீடே போதும், தெருவில் வேறு வாங்கணுமா என்பாள். ஆனால் சாயங்காலம் வகுப்புகள் முடிந்ததும் ஸ்கூல் வாசலில் போய் நிற்பாள். அப்போது மட்டும் மாஸ்டர் ஸ்டீயரிங் பக்கம் உட்காருவார். அம்மா பக்கத்து சீட்டில், கால் தெரியாமல் எதன் மேலாவது பட்டுவிடப் போகிறதே என்று, சம்மணம் போட்டு உட்காருவாள். பூங்காவைச் சுற்றி, ஆற்றுப் பாலம் வரை போய், திரும்பி வீடு. வழியெல்லாம் பேச்சு.

அம்மா போன பிறகு மாஸ்டர் ஸ்கூலை மூடினார். சாயங்காலச் சுற்றை மட்டும் விடவில்லை. ஐந்து மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு, தனியாகப் போய், தனியாகத் திரும்பினார். வீட்டில் ஆள் இல்லாமல் இல்லை. கீழே மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும், மாடியில் கல்யாணமாகாத மகன். எல்லோரும் நல்ல பிள்ளைகள்தான். காலையில் மாத்திரை போட்டீங்களா என்று கேட்பார்கள், இரவில் சாப்பிட்டீங்களா என்று கேட்பார்கள். நடுவில் அவரவர் வேலைக்கு ஓடுவார்கள்.

பிறகு வீட்டு வாசல் கேட் தூணில் வண்டி இடித்தது. தூண் கொஞ்சம் வெளியே தள்ளிக் கட்டியிருக்கிறது என்றார் மாஸ்டர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையை ஆட்டம் சொல்லிக் கொடுத்தவரே சொன்னால் யார் என்ன பேசுவது? அடுத்து எதிர்வீட்டுப் பூந்தொட்டி. அதற்கடுத்து அந்த வீட்டுக்காரரின் ஸ்கூட்டர். அவர் பழைய மாணவர் என்பதால், கண்ட இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தியதற்கு அவர்தான் மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். மாஸ்டருக்குச் செய்த கண் ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்திருந்தது. நேரே இருப்பது தெரிந்தது. பக்கவாட்டில் வருவது தெரியவில்லை. தெரிந்தாலும் அது காலுக்குப் போய்ச் சேருவதற்குள் தாமதமாயிற்று.

மகளுக்கு ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை. தெருவில் அடிபட்டவர்களை எப்படித் தூக்கி வருகிறார்கள், கூட வருகிறவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்று தினமும் பார்க்கிறவள். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது சாலை கடக்கும் இடத்தில் ஒரு பெண் துள்ளிப் பின்வாங்கியதையும், அவளைக் கவனிக்காமலேயே அப்பாவின் கார் கடந்து போனதையும் பார்த்தாள். இன்றைக்குத் தூண், நாளைக்கு ஒரு மனுஷ உயிர். அப்படி ஒன்று நடந்துவிட்டால் அப்பா அதோடு செத்துப்போவார், உடம்பில் உயிர் இருந்தாலும். அவரை ஓட்ட வேண்டாம் என்று சொன்னாலும் பாதி செத்துப்போவார். இரண்டுக்கும் நடுவில் அவள் மாட்டிக்கொண்டாள்.

பூனைக்கு யார் மணி கட்டுவது? முதலில் மகன் போனான். உறுதியாகச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனவன், கிளட்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவதால் என்ன கெடுதல் என்று ஒரு பாடம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான். அடுத்து மாப்பிள்ளை. வங்கியில் பத்துப் பேரை மேய்க்கும் அதிகாரி. மாமாவிடம் பக்குவமாகப் பேசுகிறேன் என்றார். சிறிது நேரத்தில் தெருவில் தன் காரைத் திரும்பத் திரும்பப் பின்னால் எடுத்து நிறுத்திக்கொண்டிருந்தார், மாமா ஓரமாக நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். கண் டாக்டரைச் சொல்லச் சொன்னார்கள். டாக்டரும் மாணவர். பார்த்து ஓட்டுங்க மாஸ்டர் என்பதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. லைசென்ஸ் ஆபீசிலாவது மறுப்பார்கள் என்று பார்த்தால், அங்கிருந்த அதிகாரி எழுந்து நின்று தன் நாற்காலியைக் கொடுத்து, புதுப்பித்தும் கொடுத்துவிட்டார். கடைசியில் மகளே போனாள். அப்பா பேப்பரிலிருந்து நிமிர்ந்து, என்ன என்று கேட்டார். டீ போடட்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அடுப்படியில் டீ கொதிக்கும்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. காரில் இன்னும் அந்த இரண்டாவது பிரேக் இருக்கிறது, மாஸ்டர் அதைக் கழற்றவே இல்லை. பக்கத்து சீட்டில் யாராவது உட்கார்ந்தால் போதாதா? மறுநாள் ஐந்து மணிக்கு, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலிக்கிறது, நானும் காற்றாட வருகிறேன் என்று ஏறிக்கொண்டாள். காரில் போனாலும் உட்கார்ந்துதான் போக வேண்டும் என்பது அவளுக்கு ஏறிய பிறகுதான் உறைத்தது. மாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. முச்சந்தியில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு, நைசாக மிதித்தாள். வண்டி நின்றது. மாஸ்டர் சைக்கிள்காரனைத் திட்டிவிட்டு மேலே ஓட்டினார். அவள் வீட்டுக்கு வந்து மற்ற மூன்று பேரையும் மாடிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அன்றிலிருந்து முறை வைத்துப் போனார்கள். ஒவ்வொருவர் கால் ஒவ்வொரு விதம். மகன் கடைசி நிமிஷம் வரை பொறுத்து மிதிப்பான், பின்னால் இருக்கிற சாமானெல்லாம் முன்னால் வரும். பேத்தி போனில் பேசிக்கொண்டே மிதிப்பாள், ஆனால் பூப்போல. மாப்பிள்ளைதான் ஆபத்து. ஓரத்தில் நாய் கொட்டாவி விட்டால் மிதிப்பார், மரத்தின் நிழலுக்கு மிதிப்பார். அவர் போகிற நாளில் கார் விக்கல் எடுத்துக்கொண்டே போகும், நாலு இடத்தில் என்ஜின் அணைந்துபோகும்.

வண்டி தானாக நிற்கிறது என்று மாஸ்டர் அதை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். மகளும் கூடப் போனாள். மெக்கானிக் குனிந்து பார்த்து, நிமிர்ந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோது மாஸ்டருக்குப் பின்னால் நின்று அவள் இரண்டு கையாலும் கும்பிட்டாள். மெக்கானிக் சமாளித்துக்கொண்டு, பிரேக் லைனில் ஏர் இருக்கு மாஸ்டர் என்றார். ஏர் இருந்தால் பிரேக் பிடிக்காது, இது பிடிக்க வேண்டாத இடத்திலெல்லாம் பிடிக்கிறது என்றார் மாஸ்டர். மெக்கானிக்குக் காது சிவந்தது. சில ஏர் அப்படியும் செய்யும் என்றார். மாஸ்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி, உன் தொழில் உனக்குத் தெரியும் என்று கிளம்பிவிட்டார்.

மாட்டிக்கொள்ளாமல் இருக்க மகள் ஒரு கட்டளை போட்டாள். காரில் வாயை மூடக்கூடாது. சத்தம் இல்லாவிட்டால் அப்பாவின் கவனம் வண்டி மேல் போகும், யார் கால் என்று கண்டுபிடித்துவிடுவார். பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கேதான் எல்லோருக்கும் முழி பிதுங்கியது. மாத்திரை, சாப்பாடு இரண்டையும் விட்டால் அவரிடம் பேச எதுவுமே கைவசம் இல்லை. முதல் சில நாட்கள் வானிலையைப் பேசினார்கள். அது பாலம் வரைதான் தாக்குப்பிடித்தது. வேறு வழியில்லாமல் உண்மையைப் பேசத் தொடங்கினார்கள். மகன் ஆபீசில் தன்னை ஓரங்கட்டுவதைச் சொன்னான். பேத்தி ஒரு பாடத்தில் தோற்றதை, பெற்றவர்களுக்கே தெரியாததை, தாத்தாவிடம் சொன்னாள். அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மாப்பிள்ளை, கல்யாணமான நாளிலிருந்து சௌக்கியமா மாமா என்பதைத் தாண்டாதவர், தனக்குச் சின்ன வயதில் பாட்டுக்காரனாக ஆசை இருந்தது என்று ஒரு நாள் சொல்லி, ஆற்றுப் பாலத்தின் மேல் பாடியும் காட்டினார். அன்று மட்டும் நிஜமாகவே மாஸ்டர்தான் பிரேக் போட்டார். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு முழுப் பாட்டையும் கேட்டாராம்.

வீடே மாறிப்போயிற்று. சாயங்காலச் சுற்றில் பாதியில் விட்ட பேச்சைச் சாப்பாட்டு மேசையில் தொடர்ந்தார்கள். ஒரு நாள் மாப்பிள்ளையின் முழங்கை பட்டுத் தண்ணீர் ஜக் சாய்ந்தது. வழக்கமாக மேசைக்கடியில் ஒரு கால்தான் மிதிக்கும். அன்று ஐந்து கால்கள் மிதித்தன. நாலு பேரும் முகத்தைத் தட்டுக்குள் புதைத்துக்கொண்டார்கள். மாஸ்டர் நிமிர்ந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, குழம்பைக் கேட்டார்.

ஒரு நாள் தூறலாக இருந்தது. மகளின் முறை. அவள் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாட்களில், பக்கத்துக் கட்டிலில் கிடந்தவளிடம் மாஸ்டரைப் பற்றிக் குறை சொல்லிக் குறை சொல்லியே அவளையும் சிரிக்க வைத்ததை. அப்பாவுக்கு அது தெரியாது. அவர் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகு காலமாகியிருந்ததால் அவள் சாலையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பியபோது கறுப்புக் குடை ஒன்று வண்டிக்கு முன்னால் இருந்தது. இரண்டு காலையும் சேர்த்து மிதித்தாள். வண்டி வழுக்கி, குலுங்கி, அணைந்தது. குடையின் ஓரம் பானெட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. குடைக்குள் இருந்த பள்ளிக்கூடப் பெண் காரைத் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் நடக்காதது போலச் சாலையைக் கடந்து போனாள். கண்ணாடியில் வைப்பர் மட்டும் போய்ப் போய் வந்தது.

"லேட்டு," என்றார் மாஸ்டர்.

"என்னப்பா?"

"நீ லேட்டா மிதிச்ச. எனக்குக் குடையே தெரியலம்மா. ஆனா உன் கால் லேட்டுன்னு தெரிஞ்சுது."

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். முப்பது வருஷம் அந்த பிரேக்கை மிதித்தவரிடம், மிதிப்பது தெரியாமல் மிதித்துவிடலாம் என்று ஒரு குடும்பமே நம்பியிருந்தது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். முதல் நாள் சைக்கிளிலிருந்தே என்றார். மெக்கானிக்கிடம் போனதுகூடத் தெரியாதது போலக் காட்டிக்கொள்ளத்தானாம். அவளுடைய கால் அவள் அம்மாவின் நடை மாதிரி, தயங்கித் தயங்கி வருமாம். மாப்பிள்ளை வருகிற நாளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாராம்.

"தெரிஞ்சும் ஏம்பா சொல்லல?"

"சொல்லியிருந்தா யாரும் வந்திருக்க மாட்டீங்களே."

இல்லை அப்பா, வந்திருப்போம் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் அது பொய், அது அவருக்கும் தெரியும். அழுதுவிட்டாள். மாஸ்டர் அவள் தலையில் கை வைத்தார். பிறகு சாவியை உருவி அவள் மடியில் போட்டார். ஒரு பிள்ளையைச் சாய்த்துவிட்டுத் தெரிந்துகொள்வதைவிட இன்றைக்கே தெரிந்துகொண்டது நல்லது, பேச்சு ருசியில் இத்தனை நாள் இழுத்துவிட்டேன், அது என் தப்பு என்றார். இறங்கி, தூறலில் நனைந்தபடி வண்டியைச் சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார். அவள் ஓட்டினாள். வீடு வரும் வரை அவர் எதையும் மிதிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவர் திட்டாமல் வந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் ஐந்து மணிக்கு மாஸ்டர் சட்டை மாற்றவில்லை. பழைய பனியனோடு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஏற்கெனவே படித்த பேப்பரை மறுபடி விரித்து வைத்திருந்தார். மகள் முன்னால் போய் நின்றாள்.

"கிளம்புங்கப்பா."

"எதுக்கும்மா? நாந்தான் ஓட்டலியே. இனிமே என்ன ஆபத்து, நீங்க கூட வர்றதுக்கு?"

வாசலில் ஹாரன் அடித்தது. மகனும் பேத்தியும் பின் சீட்டில் ஏறி, யார் ஜன்னல் ஓரம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார்.

"உங்க மாப்பிள்ளை ஓட்டப் போறாருப்பா," என்றாள் மகள். "இதுக்கு மேல என்ன ஆபத்து வேணும்?"

மாஸ்டர் பேப்பரை மடித்தார். எட்டி வாசலைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து பக்கத்து சீட்டில் ஏறி, கதவைச் சாத்துவதற்கு முன்பே, மாப்ள, மொதல்ல ஹேண்ட் பிரேக்கை எடுங்க என்று ஆரம்பித்தார்.